இது தெரிந்து என்ன ஆகப்போகிறது?

(நமது அறக்கட்டளை காளவாசலில் நடத்திய பொது அறிவுப் போட்டியின் பரிசளிப்பு நிகழ்ச்சியில், கல்விக் குழுவின் சார்பில் வழங்கப்பட்ட உரை)



கண்ணியத்திற்குரிய உலமாக்களே, ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, பரிசு வாங்கிய, வாங்கப்போகிற, இந்த வருடம் தவறவிட்டாலும் அடுத்த வருடம் கட்டாயம் வாங்கப்போகிற மாணவச் செல்வங்களே!

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இந்தப் போட்டியைப் பற்றி வீடு வீடாகச் சொல்லப் போனபோது பெற்றோர் பலரும் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பள்ளிக்கூடப் பாடத்தைப் படிக்கவே பிள்ளைகளுக்கு நேரமில்லை. எந்த ஆறு எங்கே பிறக்குது, யாருக்கு எந்த வருஷம் பட்டம் குடுத்தாங்க, இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அதனால் இன்று நாங்கள் அறிவுரை எதுவும் சொல்லப்போவதில்லை. வரலாறு, புவியியல், சட்டம், இசை, கடைவீதி என்று போட்டியில் ஐந்து தலைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் சில கேள்விகளை எடுத்துக்கொள்வோம். விடையைச் சொல்வோம். அந்த விடை நம் வீட்டுக்கு எந்த நேரத்தில் உதவும் என்பதையும் சொல்வோம். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வரலாறு: நம் தெருவிலிருந்தே தொடங்குவோம்

முதல் கேள்வி. காளவாசல் என்றால் என்ன பொருள்? தினமும் பத்து முறை சொல்கிற பெயர். பேருந்தில் ஏறினால் நடத்துநரிடம் சொல்கிற பெயர். ஆனால் போட்டியில் நிறையப் பிள்ளைகள் இந்தக் கேள்வியில்தான் தடுமாறினார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகிற சூளைக்குக் காளவாசல் என்று பெயர். காளவாய் என்றும் சொல்வார்கள். நம் பகுதியின் பெயருக்குள்ளேயே ஒரு சூளை இருக்கிறது.

இரண்டாவது கேள்வி. நம் காளவாசலை ஒட்டி, சம்மட்டிபுரத்தில், தேனி சாலையோரம் ஒரு சிறிய பள்ளிவாசல் இருக்கிறது. கான் சாகிப் பள்ளிவாசல் என்பார்கள். அங்கே அடங்கியிருப்பவர் யார்?

யூசுப் கான். மருதநாயகம் என்றால் இளைஞர்களுக்கு உடனே தெரியும். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாகி, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நிர்வாகியாக உயர்ந்தார். பிறகு ஆற்காடு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டையைப் பல மாதங்கள் முற்றுகையிட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 1764ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அடக்கத்தலத்தின் மேல் 1808இல் பள்ளிவாசல் எழுப்பப்பட்டது.

இதில் பிள்ளைகள் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒன்று, வரலாற்றை முழுதாகச் சொல்ல வேண்டும். மதுரைச் சீமையில் குளங்களையும் கண்மாய்களையும் செப்பனிட்டார், கோயில் மானியங்களை முறைப்படுத்தினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அதே யூசுப் கான்தான் கம்பெனிக்காக நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு போரிட்டார் என்பதும் உண்மை. பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தால் அது வரலாறு ஆகாது. நம்மைப் பற்றி அரைகுறையாகப் பேசுகிறார்களே என்று வருத்தப்படுகிற நாம், அரைகுறையாகப் பேசக் கூடாது.

இரண்டு, கதையையும் ஆவணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தூக்குக் கயிறு அறுந்தது என்பது போன்ற பல செய்திகள் அவரைப் பற்றி மக்கள் வாயில் உலவுகின்றன. கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் ஆண்டு, இடம், போர், தண்டனை ஆகியவைதாம் எழுத்தில் பதிவானவை. தேர்வில் கேட்பதும் அவற்றைத்தான்.

மூன்றாவது கேள்வி. உலகம் சுற்றிய இப்னு பதூதா மதுரைக்கு வந்திருக்கிறாரா? வந்திருக்கிறார். மொராக்கோவின் தஞ்சீர் நகரில் பிறந்த அவர் 1340களில் இங்கே வந்தபோது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. ஜலாலுத்தீன் அஹ்சன் கான் டில்லியிலிருந்து பிரிந்து 1335இல் தொடங்கிய ஆட்சி அது. அவருடைய மகளை இப்னு பதூதா மணமுடித்திருந்தார். மதுரையில் அப்போது பரவிய கொள்ளைநோயைப் பற்றியும், அந்தக் காலத்து ஆட்சியாளர் ஒருவரின் கொடுமையைப் பற்றியும் அவர் எழுதி வைத்திருக்கிறார். முஸ்லிம் மன்னர் என்பதற்காக அவர் எதையும் மறைக்கவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதியதால்தான் ஏறத்தாழ 700 ஆண்டுகளாகியும் அவர் நூலை உலகம் படிக்கிறது.

சரி, இது தெரிந்து என்ன ஆகப்போகிறது? பள்ளியிலோ அலுவலகத்திலோ "நீங்க எந்த ஊர்?" என்று நம் பிள்ளையைக் கேட்டால், தன் ஊரின் பல நூற்றாண்டுக் கதையைத் தலை நிமிர்ந்து, நிதானமாக, கோபமில்லாமல் சொல்லத் தெரியும். அந்த நிதானம் அறிவிலிருந்துதான் வரும்.

புவியியல்: நிழல் காட்டும் திசை

வைகை எங்கே பிறக்கிறது? வருசநாட்டு மலையில். எங்கே கடலைச் சேர்கிறது? இராமநாதபுரம் மாவட்டம் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகில். அதற்கு முன் இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டுத்தான் போகும்.

அடுத்த கேள்வி கொஞ்சம் கடினம். மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் நம் வைகையில் எப்படி வந்தது? 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால். பொறியாளர் பென்னிகுவிக் மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். வைகை அணை அதற்கு வெகுகாலம் கழித்து, 1959இல் திறக்கப்பட்டது. நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீருக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வேலை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, ஒளு செய்யும்போது குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காது.

இப்போது நம் எல்லோருக்கும் நேரடியாக வேண்டிய கேள்வி. மதுரையிலிருந்து கிப்லா எந்தத் திசை? "மேற்கு" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே திரும்ப வேண்டும். மக்கா நமக்கு மேற்கே இருந்தாலும் பூமத்திய ரேகையிலிருந்து நம்மைவிட இரு மடங்குக்கும் மேல் வடக்கே இருக்கிறது. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. மக்கா 21 பாகைக்குச் சற்று மேலே. இடையில் ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர்.

கருவி எதுவும் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வருடத்தில் இரண்டு முறை சூரியன் கஃபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. மே 27, 28 தேதிகளில் நம் நேரப்படி பிற்பகல் 2 மணி 48 நிமிடத்துக்கும், ஜூலை 15, 16 தேதிகளில் பிற்பகல் 2 மணி 57 நிமிடத்துக்கும் அது நிகழும். அந்த நேரத்தில் மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்துங்கள். நிழலின் நுனியில் நின்று குச்சியைப் பார்த்தால் நீங்கள் பார்க்கிற திசைதான் கிப்லா. கைப்பேசியில் உள்ள திசைகாட்டி பக்கத்தில் இரும்போ காந்தமோ இருந்தால் தவறாகக் காட்டும். சூரியன் தவறாகக் காட்டாது.

வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கும், புது வீடு கட்டித் தொழுகைக்கு இடம் ஒதுக்குகிறவர்களுக்கும் இது உதவும். ஒரே ஒரு வேண்டுகோள். இதைத் தெரிந்துகொண்டு யாரும் பள்ளிவாசலில் போய்ச் சண்டை போட வேண்டாம். திசையில் எவ்வளவு வித்தியாசம் வரை பாதகமில்லை என்பதற்கு மார்க்கத்தில் விளக்கம் இருக்கிறது. ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம்: தெரியாமல் இழந்தது திரும்பாது

இந்தத் தலைப்பில் பெரியவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் மகளுக்கு அவளுடைய அத்தாவின் விவசாய நிலத்தில் பங்கு உண்டா?

விடை: உண்டு. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வந்தபோது, வாரிசுரிமையில் விவசாய நிலம் மட்டும் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அன்றைய சென்னை மாகாணம் 1949இல் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கியது. ஆகவே நம் மாநிலத்தில் வீடு, கடை, நகை, பணம் போலவே நஞ்சை, புஞ்சை, தோப்பு எல்லாவற்றிலும் பெண்மக்களுக்கு ஷரீஅத் சொல்கிற பங்கு உண்டு.

எவ்வளவு பங்கு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களில் இருக்கிறது. ஓர் எளிய கணக்கு பார்ப்போம். ஒருவர் மௌத்தாகிறார். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். கடன்களையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றியபின் மிச்சம் 8 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, ஒரு லட்சம். மீதி 7 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அப்படியானால் மகனுக்கு மூன்றரை லட்சம், மகள்களுக்கு ஆளுக்கு ஒன்றே முக்கால் லட்சம். நான்காம் வகுப்புக் கணக்குதான்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? "உனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே, சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி, தங்கையின் முன்னால் விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிற வீடுகள் இருக்கின்றன. அண்ணன் மனம் கோணுமே, பிறந்த வீட்டுப் போக்குவரத்து நின்றுபோகுமே என்ற பயத்தில் அந்தப் பிள்ளை கையெழுத்துப் போடுகிறது. கல்யாணத்தில் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கு அல்லாஹ் விதித்த உரிமை. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிக்க முடியாது. தன் பங்கு எவ்வளவு என்று முழுதாகத் தெரிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், மனம் விரும்பி ஒரு பெண் விட்டுக்கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. தெரியாமல் கையெழுத்துப் போட வைத்தால் அதற்குப் பெயர் வேறு. அண்ணன்மார்களே, தம்பிமார்களே, பத்திரப்பதிவு அலுவலகத்தில் செல்லுபடியாகிற எல்லாமே மறுமையில் செல்லுபடியாகிவிடாது.

இன்னும் மூன்று கேள்விகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரில் எழுதிவிட்டால் போதுமா? போதாது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி, எந்த மதத்தவராக இருந்தாலும் திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது மனைவிக்கு விசா எடுக்கவும், பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கவும், ஏதாவது தகராறு வந்தால் தன் நிலையை நிரூபிக்கவும் அந்தச் சான்றிதழ்தான் பெண்ணுக்குக் கைகொடுக்கும். தஃப்தர் நகலும் நிக்காஹ் புகைப்படமும் இருந்தால், விருந்துக் களைப்பு தீர்ந்த கையோடு பதிவை முடித்துவிடலாம்.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு எவ்வளவு? மூன்றரை சதவீதம், 2007 முதல். லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் அதில் வருவார்கள். உங்கள் பிள்ளையின் சாதிச் சான்றிதழில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதைவிட இப்போதே பார்த்துவைப்பது நல்லது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத பெண் எங்கே போவாள்? சட்டப் பணிகள் ஆணையத்துக்கு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. ஐந்தே இலக்கம். சமையலறை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

இசை: பக்கத்து வீட்டு மனிதர்களை அறிவது

இசைக் கேள்விகள் எதற்கு என்று சிலர் முகம் சுளித்தார்கள். எது கூடும், எது கூடாது என்பதை உலமாக்கள் சொல்வார்கள். அதில் நாங்கள் தலையிடவில்லை. நாங்கள் கேட்டது மனிதர்களைப் பற்றி.

நாகூர் ஹனிபா பிறந்தது எங்கே? நாகூர் என்று பாதிப் பேர் எழுதினார்கள். அவர் பிறந்தது இராமநாதபுரத்தில், 1925இல். 2015இல் காலமானார். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

நாதஸ்வரத்துக்குப் பெயர் பெற்ற முஸ்லிம் கலைஞர் யார்? ஷேக் சின்ன மௌலானா. 1924இல் ஆந்திராவின் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த குடும்பத்தில் பிறந்தார். ஸ்ரீரங்கத்தில் குடியேறி அங்கேயே வாழ்ந்தார். 1998இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. வடக்கே ஷெனாய் வாசித்த பிஸ்மில்லா கானுக்கு 2001இல் பாரத ரத்னா கிடைத்தது. நம் மதுரையில் 1916இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அதற்கு முன்பே, 1998இல், அதே பாரத ரத்னா கிடைத்தது. மதுரையில் பிறந்த இன்னொரு குரல் டி.எம். சௌந்தரராஜன், 1922.

ஸ்ரீரங்கத்தில் ஒரு முஸ்லிமின் நாதஸ்வரத்தை ஊரே தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் ரமலான் மாதத்துப் பின்னிரவில் பக்கீர்மார்கள் தப்ஸ் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வந்து சஹருக்கு எழுப்பினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்த பிற சமயத்து அண்டை வீட்டாரும் அதைத் தொல்லையாக நினைக்கவில்லை. இந்தச் செய்திகள் தெரிந்த பிள்ளைக்கு, இந்த மண் தனக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றாது. பக்கத்து வீட்டுக்காரரை அந்நியராக நினைக்கவும் தோன்றாது. அதற்காகத்தான் இசைக் கேள்விகளைச் சேர்த்தோம்.

கடைவீதி: பையை எடுக்கும் முன்

இது எல்லோருக்கும் பிடித்த தலைப்பு. பெருநாள் நெருங்கினால் விளக்குத்தூண் பக்கம் நடக்க இடமிருக்காது. அதனால் கேள்விகளும் அங்கிருந்தே.

பொட்டலத்தில் போட்டிருக்கிற அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வரி வாங்கலாமா? கூடாது. எல்லா வரியும் சேர்ந்ததுதான் அந்த விலை. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலுக்குக் "கூலிங் சார்ஜ்" என்று கடையில் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அதிகபட்சம் என்றால் அதற்குக் குறைவாக விற்கலாம் என்றும் பொருள். பேரம் பேசுவது நம் உரிமை.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளிக்கும் பழுப்பு முக்கோணத்துக்கும் என்ன வித்தியாசம்? பச்சைப் புள்ளி சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். ஆனால் எந்த மாமிசம், எப்படி அறுக்கப்பட்டது என்பதை அந்த முக்கோணம் சொல்லாது. அதற்குப் பின்பக்கத்துப் பட்டியலைப் படிக்க வேண்டும். 120 என்ற எண் போட்டிருந்தால் அது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமி. ஜெலட்டின் என்றிருந்தால் அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. படிக்கத் தெரிந்த பிள்ளைகளை மளிகைக் கடைக்கு அழைத்துப் போய், வாங்கும் முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கூடவே 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தங்கம். மஹராகக் கொடுக்கிற நகையானாலும், சிறுகச் சிறுகச் சேர்த்து மகளுக்கு வாங்குகிற நகையானாலும், அதில் ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு இருக்கிறது. 22 காரட் என்றால் 916, அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்கு சுத்தத் தங்கம். 18 காரட் என்றால் 750. ஐந்து பவுன் நகை 40 கிராம். 22 காரட்டாக இருந்தால் அதில் 36.6 கிராம் சுத்தத் தங்கம் இருக்கும். 18 காரட்டாக இருந்தால் 30 கிராம்தான். கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். 22 காரட் விலை கொடுத்து 18 காரட் வாங்கினால் 6 கிராமுக்கு மேல் போய்விடும். அதனால்தான் 2023 ஏப்ரல் 1 முதல், கடையில் விற்கிற ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு அது. பிஐஎஸ் முத்திரை, 916 என்ற தூய்மை எண், இந்த ஆறு இலக்கம் ஆகிய மூன்றையும் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். 'பிஐஎஸ் கேர்' என்ற இலவசச் செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் நகையின் விவரம் வரும். 2 கிராமுக்குக் குறைவான சிறு நகைகளுக்கு விலக்கு உண்டு.

ரசீதில்லாமல் வாங்காதீர்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். ஆனால் ரசீது இல்லாவிட்டால் எதைக் காட்டுவீர்கள்?

தேர்வும் இதிலிருந்துதான்

பெற்றோர் கேட்ட கேள்விக்கு இன்னொரு நேரடியான பதிலும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எழுதுகிற தேசியத் திறனறித் தேர்வில் தேர்வு பெற்றால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. நான்கு வருடத்தில் 48,000 ரூபாய். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்கிற குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். அதில் 75 பொது அறிவு, 25 திறனறிவு, 100 தமிழ். இன்று நாம் பேசிய வைகையும் பாரத ரத்னாவும் சட்டமும் அந்த 75இல் வருகிற வகைதான். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பலர் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களையும் இந்தத் தேர்வுகளை எழுத வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை மூன்று

முதலாவது, இரவுச் சாப்பாட்டில் ஒரு கேள்வி. வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர்கள் பதில் தேட வேண்டும். ஒரு வருடத்தில் 365 கேள்வி ஆகிவிடும். இதில் அத்தா மட்டும் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. குழம்புப் பொடி விலையைப் பற்றி அம்மா கேட்டாலும் அது பொது அறிவுதான்.

இரண்டாவது, சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும். "நமது தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்தது" என்ற செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. படித்தவர்களே அதை அனுப்பி வைக்கிறார்கள். ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், வருகிற செய்தியை விசாரித்துத் தெளியும்படி நமக்குக் கட்டளையிடுகிறது. வாட்ஸ்அப்பில் வருகிற செய்திக்கும் அந்தக் கட்டளை பொருந்தும். சந்தேகம் வந்தால் நூலகத்துக்குப் போகலாம். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வாருங்கள்.

மூன்றாவது, தெரிந்ததைப் பயன்படுத்த வேண்டும். இன்று கேட்டதில் ஒன்றையாவது இந்த வாரத்துக்குள் செய்து பாருங்கள். சான்றிதழைப் பார்க்கலாம். நகையின் எண்ணைப் பார்க்கலாம். திருமணப் பதிவை முடிக்கலாம். தங்கையின் பங்கு இன்னும் கொடுபடாமல் இருந்தால் அந்தக் கணக்கைத் திறக்கலாம். பயன்படாத அறிவு பூட்டி வைத்த அரிசி மூட்டை மாதிரி. பசி தீராது, வண்டுதான் பிடிக்கும்.

"இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்ட பெற்றோருக்கு எங்கள் பதில் இவ்வளவுதான். தெரியாமலிருந்தால் என்ன ஆகும் என்பதை நம்மில் எத்தனையோ குடும்பங்கள் ஏற்கெனவே விலை கொடுத்து அறிந்திருக்கின்றன. பிள்ளைகளாவது விலை கொடுக்காமல் அறிந்துகொள்ளட்டும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அறிந்ததன்படி நடக்கிற மனதையும், ஒருவர் உரிமையை மற்றவர் பறிக்காத நேர்மையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.